பதற்றம் போன பிறகுதான் அசலாக வாழ முடியுமா?

கேள்வி இது: “வயது 29. மென்பொருள் வேலையில் ஆறு வருஷம் ஓடிவிட்டது. வீட்டுக்கடன் போட்டாயிற்று. வரனும் பார்த்து முடித்துவிட்டார்கள், தை மாதம் கல்யாணம் என்கிறார்கள். குறை என்று சொல்ல எதுவும் இல்லை. ஆனால் ஞாயிறு சாயங்காலமானால் காரணமே இல்லாமல் ஒரு பதற்றம் நெஞ்சில் வந்து உட்கார்ந்துகொள்கிறது. நான் சரியாகத் தூங்குவதில்லை. இருத்தலியல்வாதிகள் ‘அசலாக வாழ்’ என்கிறார்கள். இந்தப் பதற்றத்தை வைத்துக்கொண்டு எப்படி அசலாக வாழ்வது? முதலில் இது போகவேண்டாமா?”

கடைசி வரிக்கு மட்டும் என்றால் ஒரே சொல்லில் முடித்துவிடலாம்: வேண்டாம். ஆனால் அந்தப் பதிலை வைத்துக்கொண்டு நீங்கள் என்ன செய்வீர்கள்? அதனால் நீட்டித்தான் சொல்லப்போகிறேன். இருத்தலியல் என்பது, எப்படி வாழ்வது என்ற தேர்வும் பொறுப்பும் அவரவருடையது என்று பேசும் தத்துவம். கல்லூரியில் இந்தப் பாடத்தை இருபது வருஷத்துக்கு மேல் நடத்தியவனுக்குச் சுருக்கிப் பேச வராது.

முதலில் ஒன்றைத் தனியாக எடுத்து வைத்துவிடுவோம். தூக்கமின்மை வாரக்கணக்கில் நீடித்தால், நெஞ்சு படபடத்து மூச்சு முட்டினால், வேலைக்கே போகமுடியாமல் ஆனால், செத்துப்போகலாமா என்ற எண்ணம் எட்டிப் பார்த்தால், தத்துவத்தை மூடி வைத்துவிட்டு மருத்துவரைப் பாருங்கள். டெலி மானஸ் என்ற அரசின் இலவச உதவி எண் 14416. தமிழிலேயே பேசலாம். மாத்திரை சாப்பிட்டால் ‘அசல் நான்’ கெட்டுவிடும் என்று சொல்லி என் மாணவர் ஒருவர் மருந்தைத் தொடாமல் வைத்திருந்தார். “மூக்குக்கண்ணாடி போட்டிருக்கிறாயே, அசல் பார்வை என்ன ஆயிற்று?” என்று கேட்டேன். சிரித்துவிட்டார். மருந்தும் எடுத்துக்கொண்டார்.

இந்தப் பிரிவினை நானாகச் செய்வது இல்லை. பால் டில்லிக் என்ற ஜெர்மன் இறையியலாளர் 1952இல் வெளியிட்ட, இருப்பதற்கான துணிவைப் பற்றிய நூலில் இதைத் தெளிவாகச் சொல்லியிருக்கிறார். மனிதனாகப் பிறந்ததாலேயே கூட வரும் பதற்றம் ஒன்று உண்டு. அது மூன்று முகத்தோடு வரும்: சாவும் விதியும் பற்றியது ஒன்று, எல்லாம் வெறுமை, அர்த்தமற்றது என்பது இன்னொன்று, குற்ற உணர்வு மூன்றாவது. இவற்றை எந்த மருத்துவராலும் எடுத்துவிட முடியாது, எடுக்கவும் வேண்டியதில்லை. நோயாகிப்போன பதற்றம் வேறு. அது மருத்துவரின் இடம். இரண்டுக்கும் உள்ள தொடர்பைப் பற்றி டில்லிக் சொன்னதுதான் எனக்கு இன்னும் முக்கியமாகப் படுகிறது. முதல் வகைப் பதற்றத்தைத் தாங்க முடியாதவன் தன் வாழ்க்கையையே சுருக்கிக்கொள்கிறான். இல்லாமல் போய்விடுவோமோ என்று பயந்து, இருப்பதையே குறைத்துக்கொள்கிறான். அடிபடக்கூடாது என்று வீட்டைவிட்டு வெளியே வராதவன் மாதிரி.

சரி, இப்போது உங்கள் ஞாயிறு சாயங்காலத்துக்கு வருவோம்.

பயமும் பதற்றமும் ஒன்றில்லை. நாய் துரத்தினால் பயம். நாய் இருக்கிறது, ஓடலாம், கல் எடுக்கலாம், நாய் போய்விட்டால் பயமும் போய்விடும். பதற்றத்துக்கு அப்படி எதிரில் ஒன்று நிற்பதில்லை. ஜெர்மன் மொழியில் இதை ‘ஆங்ஸ்ட்’ என்பார்கள். குறுகல் என்று பொருள்படும் சொல்லுக்கு உறவான சொல் அது. நாமும் ‘நெருக்கடி’ என்கிறோமே, அதே நெருக்கம்தான்; சுவர் நாலு பக்கமும் கிட்டே வருகிற உணர்வு. இந்த இரண்டையும் பிரித்து, பதற்றத்துக்கென்று ஒரு தனி நூலே எழுதியவர் சோரன் கீர்க்கெகார்ட். டென்மார்க்காரர், 1813இல் கோபன்ஹேகனில் பிறந்தவர். அந்த நூல் 1844இல் வந்தது, அப்போது அவருக்கு 31 வயது. சொந்தப் பெயரில் போடவில்லை. ‘கோபன்ஹேகனின் காவல்காரன்’ என்று பொருள்படும் லத்தீன் புனைபெயரில் போட்டார். ஊர் தூங்கும்போது விழித்திருப்பவன்! உங்களுக்குப் பொருத்தமான துணைதான்.

பதற்றத்தை அவர் ‘சுதந்திரத்தின் தலைச்சுற்றல்’ என்றார். பாதாளத்தின் ஓரத்தில் நின்று எட்டிப் பார்க்கிறவனுக்குத் தலை சுற்றுகிறது. காரணம் பாதாளத்தில் இருக்கிறதா, பார்க்கிற கண்ணில் இருக்கிறதா? அவன் குனிந்து பார்க்காமல் இருந்திருந்தால் சுற்றியிருக்காதே என்கிறார். நூறு வருஷம் கழித்து பிரெஞ்சுத் தத்துவஞானி சார்த்தர் இதே விளிம்பில் போய் நின்று ஒரு படி கூடுதலாகச் சொன்னார். கால் வழுக்கிவிடுமோ என்பது பயம். அதற்கு மருந்து உண்டு: சுவரை ஒட்டி நட, கல்லைப் பார்த்துக் கால் வை. ஆனால் ‘நானே குதித்துவிட்டால்?’ என்று ஒரு கணம் தோன்றுகிறதே, அதுதான் பதற்றம். குதிக்காமல் என்னைத் தடுத்துவைக்க என்னைத் தவிர அங்கே வேறு யாரும் இல்லை. மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவரோரம் நின்று இதை ஒருமுறையாவது உணர்ந்தவர்கள் நிறையப் பேர். வெளியே சொல்வதில்லை, அவ்வளவுதான்.

கீர்க்கெகார்ட் இதையெல்லாம் நூலகத்தில் உட்கார்ந்து கண்டுபிடித்ததாக நினைக்காதீர்கள். 1840இல் ரெகினே ஓல்சென் என்ற பெண்ணோடு அவருக்கு நிச்சயமானது. அவளுக்கு 18 வயது, இவருக்கு 27. அடுத்த வருஷம் மோதிரத்தைத் திருப்பி அனுப்பிவிட்டார். அவள் கெஞ்சியிருக்கிறாள், அவளுடைய அப்பா வந்து பேசியிருக்கிறார். இவர் பெர்லினுக்குக் கிளம்பிப் போய்விட்டார். ஏன் முறித்தார் என்பதற்கு அவர் நாட்குறிப்புகளிலேயே பல விளக்கங்கள்: தன் மனச்சோர்வு, அப்பாவிடமிருந்து வந்த குற்ற உணர்வு, கடவுளின் அழைப்பு. எது உண்மை என்று இன்றுவரை ஆய்வாளர்கள் சண்டை போடுகிறார்கள். ரெகினே 1847இல் வேறொருவரைத் திருமணம் செய்துகொண்டாள். 1855இல் இவர் சாகும்போது தன்னிடம் மிஞ்சியதை அவளுக்கே எழுதிவைத்திருந்தார்.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், உங்களுக்கும் தை மாதம் கல்யாணம். ‘பாருங்கள், பெரிய தத்துவஞானி தைரியமாக நிச்சயத்தை முறித்தார், அதுதான் அசல் வாழ்க்கை’ என்று யாராவது எடுத்துக்கொள்வார்கள். எனக்கு அப்படித் தெரியவில்லை. அது துணிச்சலா, தப்பி ஓடலா என்று அவருக்கே தெரியவில்லை என்றுதான் நினைக்கிறேன். தெரிந்திருந்தால் அதைச் சுற்றிச் சுற்றி அத்தனை புத்தகம் எழுதியிருக்க மாட்டார். செய்துவிட்டு, ‘இதைச் செய்தவன் நான்’ என்பதிலிருந்து மட்டும் கடைசிவரை நழுவவில்லை. அவரிடமிருந்து எடுத்துக்கொள்ள ஏதாவது உண்டென்றால் அது ஒன்றுதான்.

பதற்றத்தைப் பற்றிய அந்த நூலின் முடிவில், பயம் என்றால் என்னவென்று கற்றுக்கொள்ள வீட்டைவிட்டுக் கிளம்பிய பையனின் கதையை எடுத்துவருகிறார். கிரிம் சகோதரர்களின் தொகுப்பிலும் உள்ள நாட்டுப்புறக் கதை அது. பதறக் கற்றுக்கொள்வது எல்லோரும் போய்த் தீரவேண்டிய பயணம் என்கிறார். ஒரு நாளும் பதறாதவனும் கெட்டான், பதற்றத்திலேயே மூழ்கிப்போனவனும் கெட்டான். சரியாகப் பதறத் தெரிந்தவன் கற்கவேண்டியதைக் கற்றவன். வகுப்பில் இந்த இடம் வரும்போது பின்வரிசையில் ஒருவராவது “சரியாகப் பதறுவது எப்படி சார்?” என்பார். கேலிதான். ஆனால் நீங்கள் கேட்பதும் அதேதானே?

பிற்காலத்தில் உளவியலாளராகப் பெயர் பெற்ற ரோலோ மே என்ற அமெரிக்கர் டில்லிக்கிடம் படித்தவர். காசநோய் வந்து மாதக்கணக்கில் சிகிச்சை விடுதியில் கிடந்தபோது, பதற்றத்தைப் பற்றி ஃப்ராய்டு எழுதியதையும் கீர்க்கெகார்ட் எழுதியதையும் படித்தார். பிழைப்போமா என்று எக்ஸ்ரே படத்துக்குக் காத்திருக்கிற நாட்கள். ஃப்ராய்டு பதற்றம் எப்படி இயங்குகிறது என்று துல்லியமாக விளக்கியிருந்தார். கீர்க்கெகார்ட் எழுதியதில்தான், கட்டிலில் கிடக்கிற தனக்கு என்ன நடக்கிறது என்பது இருந்ததாம். பிறகு 1950இல் அவரே பதற்றத்தைப் பற்றி ஒரு பெரிய நூல் எழுதினார்.

அப்புறம் ஹைடெக்கர் என்ற ஜெர்மன் தத்துவஞானி. 1927இல் வந்த அவருடைய ‘இருப்பும் காலமும்’ படிக்கக் கடினமான நூல். அதற்குள் உங்களை அனுப்பமாட்டேன். இரண்டு இடங்களை மட்டும் சொல்கிறேன்.

முதலாவது இந்த ‘ஒன்றுமில்லை’. ஞாயிறு சாயங்காலம் உங்கள் அம்மா “என்னடா ஒரு மாதிரி இருக்கே?” என்று கேட்டிருப்பார். “ஒண்ணுமில்லம்மா” என்றிருப்பீர்கள். மழுப்பல் என்று நாம் நினைக்கிறோம். ஹைடெக்கர் இதைச் சொல்லுக்குச் சொல் அப்படியே எடுத்துக்கொள்கிறார். பதற்றம் அடங்கியபின் ‘உண்மையில் ஒன்றுமே இல்லை’ என்கிறோமே, சரியாகத்தான் சொல்கிறோம். பதறியது எந்தப் பொருளைப் பார்த்தும் இல்லை. நாளைக்கு மீட்டிங், கடன் தவணை, பத்திரிகை அடிப்பது என்று வெள்ளிக்கிழமை வரை பிடித்து இழுத்த எல்லாமே அந்தச் சில நிமிஷங்களுக்குப் பிடியைத் தளர்த்திவிடுகின்றன. வீடு அதே வீடுதான், ஆனால் சொந்த வீட்டில் இருப்பது போல் இல்லை. அந்த நிலைக்கு அவர் பயன்படுத்தும் ஜெர்மன் சொல்லுக்குள்ளேயே ‘வீடு’ இருக்கிறது. வேலைகளும் ஆட்களும் விலகிப்போன இடத்தில், இப்படியும் வாழலாம், வேறு மாதிரியும் வாழலாம், ஆனால் வாழவேண்டியது நான் என்பது மட்டும் மிஞ்சுகிறது. நெருக்குவது அதுதான்.

இரண்டாவது, அவர் ‘தஸ் மான்’ என்று சொல்வது. இதை மொழிபெயர்க்க ஆங்கிலக்காரர்கள் படாதபாடு பட்டிருக்கிறார்கள். நமக்குச் சிரமமே இல்லை: ‘நாலு பேர்’. நாலு பேர் என்ன சொல்வார்கள், நாலு பேர் மெச்ச, நாலு பேர் மாதிரி. அந்த நாலு பேர் யார் என்று என்றைக்காவது எண்ணிப் பார்த்திருக்கிறீர்களா? பெரியப்பாவைக் கேட்டால் அவருக்கும் வேறு நாலு பேர் பயம். எதிர்வீட்டைக் கேட்டால், அவர்களுக்கு நீங்களே அந்த நாலு பேரில் ஒருவர். யாராகவும் இல்லாமல் எல்லோராகவும் இருக்கிற அந்த நாலு பேர்தான் எது ருசி, எது வெற்றி, எந்த வயதில் எது ஆகவேண்டும் என்று தீர்மானித்துவிடுகிறார்கள். தீர்ப்பு அவர்களுடையது என்பதால் பொறுப்பும் நம் தலையில் விழுவதில்லை. எவ்வளவு வசதி!

இங்கே ஒரு பொடி வைக்கிறார். எல்லோரும் ரசிப்பது போல நாம் ரசிக்கிறோம் என்று சொல்லிக்கொண்டே வந்தவர், கூட்டத்தை வெறுத்து ஒதுங்குவதையும் எல்லோரும் ஒதுங்குவது போலவே செய்கிறோம் என்கிறார். வேலையை விட்டுவிட்டு மலையேறப் போய், ‘என்னை நானே கண்டுபிடித்தேன்’ என்று படம் போடுகிறவர்களைப் பாருங்கள். ஒரே மாதிரி மலை, ஒரே மாதிரி முதுகுப்பை, ஒரே வாசகம். அதுவும் நாலு பேர் வகுத்த வழிதான். ராஜினாமாக் கடிதம் எழுதினால் அசலாகிவிடலாம் என்று ஒருவேளை நினைத்திருந்தால், அதைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள். ஹைடெக்கர் கணக்கில் அசல் வாழ்க்கை என்பது அன்றாடத்துக்கு வெளியே மிதக்கிற ஒன்றில்லை. அதே வேலை, அதே வீடு, அதே சாம்பார் என்றும் இருக்கலாம். பிடித்திருக்கிற விதம் வேறாக இருக்கும்.

‘அசல்’ என்ற சொல்லும் நம்மைக் கொஞ்சம் ஏமாற்றுகிறது. என் தலைமுறையில் தமிழ் வழியாக இதற்குள் வந்த பலரைப் போல நானும் எழுபதுகளில் எஸ்.வி. ராஜதுரை எழுதிய அறிமுக நூலில் தொடங்கியவன். அதன் தலைப்பிலேயே ஆங்கிலச் சொல்தான் தமிழ் எழுத்தில் இருந்தது. இருத்தலியல் என்ற சொல் பிறகுதான் ஊன்றியது. அதே மாதிரி ‘ஆதென்டிக்’ என்பதற்கு அசல், உண்மையான என்று எழுதுகிறோம். உடனே மனதில் என்ன வருகிறது? அசல் நெய், கலப்பட நெய். உள்ளே எங்கோ ஒரு கலப்படமில்லாத ‘நான்’ இருப்பது போலவும், மேலே படிந்த அழுக்கைச் சுரண்டினால் அது பளிச்சென்று வெளியே வரும் போலவும். ஹைடெக்கர் பயன்படுத்திய ஜெர்மன் சொல்லின் வேர் ‘சொந்தம்’. தனதாக்கிக்கொண்டது என்று பொருள். ஆங்கிலச் சொல்லின் கிரேக்க மூலம் இன்னும் சுவாரசியமானது: ‘ஆதென்டேஸ்’, தன் கையாலேயே செய்தவன். பழைய கிரேக்கத்தில் கொலைகாரனையும் அந்தச் சொல்லால் குறித்தார்கள்! செய்தவன் இவன்தான், ஏவிவிட்டவன் வேறு யாரும் இல்லை என்ற அர்த்தத்தில். ‘உண்மையான நான்’ என்பதைவிட ‘நான்தான் செய்தேன்’ என்பதற்கு இது மிக அருகில் இருக்கிறது. நான் சொல்லவந்ததே இவ்வளவுதான். உள்ளே தேட ஒன்றும் இல்லை. செய்வதையும் செய்யாமல் விடுவதையும் நம் கணக்கில் எழுதிக்கொள்கிறோமா என்பதுதான் கேள்வி. அப்படி எழுதப்போகும் நேரத்தில் கை நடுங்குமே, அதற்குப் பெயர் பதற்றம். நடுக்கம் நின்றபிறகு எழுதுகிறேன் என்றால் எழுதவே மாட்டோம்.

ஹைடெக்கரை விட்டு நகர்வதற்கு முன் ஒரு கசப்பான விஷயம். 1924–25இல் மார்பர்க் பல்கலைக்கழகத்தில் ஹைடெக்கரும் டில்லிக்கும் ஒரே காலத்தில் பாடம் நடத்தினார்கள். 1933 வந்தது. ஹைடெக்கர் ஃப்ரைபர்க் பல்கலைக்கழகத்தின் தலைவராகி, மே 1 அன்று நாஜி கட்சியில் சேர்ந்தார். அதே வருஷம் நாஜிகள் டில்லிக்கை ஃப்ராங்க்ஃபர்ட் பேராசிரியர் பதவியிலிருந்து தூக்கினார்கள். அவர் நியூயார்க் போய்ச் சேர்ந்தார். நாலு பேரை அப்படி உரித்துக் காட்டியவர், நாட்டிலேயே பெரிய கூட்டத்தின் பின்னால் போனார். ‘உறுதியோடு முடிவெடு’ என்ற அவருடைய அழைப்பு, எதை முடிவெடுப்பது என்று சொல்லாவிட்டால் எவ்வளவு ஆபத்தான அறிவுரை என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டாம். அசலாக அயோக்கியனாக இருக்க முடியாதா என்று மாணவர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்வி. ஹைடெக்கரிடம் அதற்குப் பதில் இல்லை.

பதிலுக்கு முயன்றவர்கள் பிரெஞ்சுக்காரர்கள். எழுத்தாளர் காம்யு தன்னை இருத்தலியல்வாதி என்று அழைப்பதை மறுத்தவர், அவரை விட்டுவிடுகிறேன். சார்த்தருக்கு வருவோம். 1940இல் ஜெர்மானியர்களிடம் போர்க்கைதியாகச் சிக்கி, முகாமில் ஹைடெக்கரைப் படித்தவர். ‘இருப்பும் இன்மையும்’ 1943இல், பாரிஸ் ஜெர்மானியப் பிடியில் இருந்தபோதே வெளிவந்தது. தடித்த நூல். அதற்குள் இருக்கும் சின்னச் சின்னக் காட்சிகள்தான் அதைக் காப்பாற்றுகின்றன என்பது என் கருத்து.

அதில் ஒரு சூதாடி வருகிறான். இனி ஆடமாட்டேன் என்று மனதார முடிவெடுத்தவன். மறுநாள் சூதாட்ட மேசையைப் பார்க்கிறான். நேற்றைய முடிவு தன்னைப் பிடித்து நிறுத்தும் என்று நினைத்தான், ஆனால் அது அங்கே ஒரு ஞாபகமாக மட்டும் கிடக்கிறது. அதற்குக் கை கால் இல்லை. நிற்கவேண்டுமானால் அதை இப்போது, புதிதாக, மறுபடி எடுக்கவேண்டும். ஜனவரி முதல் தேதிக்கு உடற்பயிற்சிக் கூடத்தில் பணம் கட்டிய எவருக்கும் இது புரியும். ஒருமுறை உட்கார்ந்து யோசித்து ‘இதுதான் என் அசல் பாதை’ என்று முடிவு செய்துவிட்டால் பிறகு பதற்றம் இருக்காது என்று நினைக்கிறோம். சூதாடி அதைக் கெடுத்துவிடுகிறான்.

இன்னொரு காட்சி காலை அலாரம். அடித்ததும் எழுகிறோம். எழுந்தே ஆகவேண்டும் என்று அது உத்தரவு போடுவதாக நினைக்கிறோம். அந்தச் சத்தத்துக்கு உத்தரவு என்ற பொருளைக் கொடுப்பது நான்தான் என்று தெரிந்தால் பதறுவோமே, அந்தத் தெரிதலிலிருந்து காப்பாற்றுவதும் சட்டென்று எழுந்துவிடும் அந்தப் பழக்கம்தான். வாரநாட்களில் உங்களுக்குப் பதற்றம் வராததற்கும் ஞாயிறு சாயங்காலம் வருவதற்கும் இதுவே காரணமாக இருக்கலாம். திங்கள் காலை அலாரம் வைக்கிற நேரம் அல்லவா அது?

அப்புறம் அந்தப் பிரபலமான ஹோட்டல் சர்வர். அவன் நடை கொஞ்சம் அதிக வேகம், பணிவு கொஞ்சம் அதிகப் பணிவு, தட்டைத் தூக்கிப் பிடிக்கிற விதம் ஒரு வித்தை மாதிரி. சர்வராக இருப்பது போல விளையாடுகிறான் என்கிறார் சார்த்தர். மைக்கூடு மைக்கூடாக இருப்பது போலத் தானும் முழுக்க முழுக்கச் சர்வர்தான், வேறு எதுவாகவும் இருக்க வழியில்லை என்று தன்னையே நம்பவைத்துக்கொள்கிறான். இதற்குத் ‘தன்னேமாற்று’ என்று பெயர் வைக்கலாம். பொய் சொல்பவனும் நானே, நம்புபவனும் நானே. இதற்கு மறுபக்கமும் உண்டு, அதை மறந்துவிடுகிறார்கள்: ‘இந்த வேலை, இந்த ஊர், இந்தக் கடன் எதுவும் நான் இல்லை, உண்மையான நான் வேறு எங்கோ இருக்கிறேன்’ என்று கனவில் வாழ்வதும் தன்னேமாற்றுதான். பிறந்த வீடு, உடம்பு, இதுவரை செய்தது எல்லாம் என்னோடு ஒட்டியவை; இல்லை என்று சொல்லிவிட முடியாது. உங்கள் வயதில் இந்த இரண்டாவது வகையில்தான் அதிகம் பேர் விழுகிறார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது.

சர்வர் விஷயத்தில் சார்த்தர் ஒரு வாக்கியம் எழுதுகிறார்: விடிகாலை ஐந்துக்கு எழுவதா, வேலை போனாலும் போகட்டும் என்று படுத்திருப்பதா என்பது என் சுதந்திரமான தேர்வு இல்லை என்பது போல அவன் நடிக்கிறானாம். ஓட்டல் மேசையில் உட்கார்ந்து எழுதுகிறவருக்கு இது சுலபம், தட்டு தூக்குகிறவருக்கு வீட்டு வாடகை யார் கொடுப்பார்? இந்த இடத்தில் எனக்கு, சார்த்தரின் தோழியும் தத்துவஞானியுமான சிமோன் தி பொவ்வார் பக்கம் சாயத் தோன்றும். எல்லா நிலைமையும் சமம் இல்லை, அந்தப்புரத்தில் பூட்டிவைக்கப்பட்ட பெண்ணுக்கு என்ன பெரிய சுதந்திரம் என்று அவர் சார்த்தரிடம் வாதாடியதைத் தன் நினைவுக் குறிப்புகளில் எழுதியிருக்கிறார். அந்த வாழ்க்கையையும் பல விதமாக வாழலாமே என்றாராம் சார்த்தர். பொவ்வார் விடவில்லை. 1947இல் எழுதிய அறவியல் நூலிலும் 1949இல் வந்த ‘இரண்டாம் பாலினம்’ நூலிலும் அதை முழுசாக வளர்த்தெடுத்தார். என் சுதந்திரம் மற்றவர்களின் சுதந்திரத்தோடு பின்னிக் கிடக்கிறது. மற்றவர்களை அடைத்துவைத்துவிட்டு நான் மட்டும் சுதந்திரமாக இருக்க முடியாது. ஹைடெக்கரிடம் கிடைக்காத பதில் இங்கேதான் இருக்கிறது. அசல் அயோக்கியன் தன் செயலைத் தன் கணக்கில் எழுதிக்கொள்ளலாம், ஆனால் எதிரில் இருப்பவர் எழுதவேண்டிய பக்கத்தைக் கிழித்துவிடுகிறான்.

கடைசியாக ஒரு மாணவன் கதை. 1945 அக்டோபர் 29 அன்று பாரிஸில் சார்த்தர் ஒரு சொற்பொழிவு நிகழ்த்தினார். கூட்டம் தாங்காமல் நாற்காலிகள் உடைந்தன, சிலர் மயங்கி விழுந்தார்கள். தத்துவப் பேச்சுக்கு! போரின்போது தன்னிடம் ஆலோசனைக்கு வந்த ஒரு மாணவனைப் பற்றி அதில் சொன்னார். அண்ணன் 1940இல் ஜெர்மானியத் தாக்குதலில் செத்துவிட்டான். அப்பா எதிரிகளோடு ஒத்துப்போகிற பக்கம் சாய்ந்து, அம்மாவோடு சண்டை. அம்மாவுக்கு இவன் ஒருவன்தான் உயிர். இங்கிலாந்துக்குத் தப்பிப்போய்ச் சுதந்திரப் பிரெஞ்சுப் படையில் சேர்வதா, அம்மாவோடு இருப்பதா? எந்த வேதமும் எந்த அறநூலும் இதற்குப் பதில் தராது என்கிறார் சார்த்தர். ஆலோசனை கேட்க யாரிடம் போகிறோம் என்பதிலேயே, எந்தப் பதிலை எதிர்பார்க்கிறோம் என்பதும் அடங்கிவிடுகிறது. பாதிரியாரிடம் போகலாம், ஆனால் எந்தப் பாதிரியார் என்பதை நாம்தானே பொறுக்குகிறோம்? மாணவனுக்கு அவர் சொன்னது: நீ சுதந்திரமானவன், தேர்ந்தெடு.

வகுப்பில் இதைச் சொன்னால் ஒவ்வொரு வருஷமும் கோபம்தான் வரும். “இதைச் சொல்ல ஒரு தத்துவஞானி வேண்டுமா சார்?” நானும் இளவயதில் அப்படித்தான் நினைத்தேன். இப்போது, அந்தப் பையன் கையிலிருந்து அந்த முடிவைப் பிடுங்கிக்கொள்ளாமல் விட்டதற்காகவே அந்த மனிதரை மதிக்கிறேன். நம் ஊரில் பெரியவர்கள் இந்த இடத்தில் சும்மா இருப்பதில்லை. நானும் சும்மா இருந்ததில்லை, என் மகள் விஷயத்தில். அது வேறு கதை.

இப்போது உங்கள் கேள்வியை மறுபடி படித்துப் பாருங்கள். நான் நாலு முறை படித்தேன். ஓடிவிட்டது, போட்டாயிற்று, பார்த்து முடித்துவிட்டார்கள், கல்யாணம் என்கிறார்கள், வந்து உட்கார்ந்துகொள்கிறது. வேலை, வீடு, கல்யாணம் மூன்றிலும் செய்தவர் யார் என்பதே இல்லை. தமிழ் வாக்கியம் அதற்கு நன்றாக இடம் கொடுக்கும். ‘நான்’ என்று ஒரே ஒரு இடத்தில்தான் வருகிறது: நான் சரியாகத் தூங்குவதில்லை. பதற்றம் வருகிற இடத்தில் மட்டும் நீங்கள் ஆஜராகியிருக்கிறீர்கள்.

நான் கேட்டுக்கொள்வது, அந்த வாக்கியங்களை ஒரு தாளில் ‘நான்’ போட்டு எழுதிப் பாருங்கள் என்பதுதான். நான் இந்த வேலையில் ஆறு வருஷம் இருந்தேன், ஒவ்வொரு திங்களும் போனேன். நான் கடன் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டேன். நான் இந்தப் பெண்ணைக் கல்யாணம் செய்யச் சம்மதித்தேன். எழுதும்போது சில வரிகள் ‘ஆமாம், நான்தான்’ என்று இயல்பாக விழும். அவற்றில் எதையும் மாற்ற வேண்டியதில்லை. வீட்டில் பார்த்த வரன் என்பதாலேயே அது உங்களுடையது ஆகாமல் போகாது. ஏதாவது ஒரு வரியில் பேனா நின்றுவிட்டால், அந்த இடத்தில் என்ன செய்வது என்று எனக்குத் தெரியாது, சொல்லவும் மாட்டேன். படபடப்பு கூடலாம். அந்தத் தாளோடு கொஞ்ச நேரம் உட்காருங்கள், ஃபோனை எடுக்காமல்.

இன்னொன்று. உங்கள் கேள்வியில் அந்தப் பெண் ‘வரன்’ என்று மட்டும் வருகிறாள். அவளுக்கும் ஒரு ஞாயிறு சாயங்காலம் இருக்கும், அவளிடமும் யாரோ ‘முடித்துவிட்டோம்’ என்று சொல்லியிருப்பார்கள். தைக்கு இன்னும் நாள் இருக்கிறது. நீங்கள் இரண்டு பேரும் தனியாக உட்கார்ந்து ஒரு மணி நேரமாவது பேசியிருக்கிறீர்களா?